விளக்கை அணைக்காத தியேட்டர்

மார்ச் 3, திங்கள்

பல் துலக்கிக்கொண்டே அப்பா சொன்னார்: "மாடி ரூம்ல ஒரு தியேட்டர் வச்சிடலாம்னு இருக்கேன்."

நூல் மில்லில் முப்பது வருடம் ஃபிட்டர். ஜனவரியில்தான் ஓய்வு பெற்றார். ரிமோட்டின் முதுகில் ரப்பர் பேண்டைச் சுற்றி ஐந்து வருடம் டிவியை ஓட்டியவர். நாங்கள் குடும்பமாகச் சினிமாவுக்குப் போனது என் நினைவில் மூன்றே தடவை. மூன்றாவது தடவை இடைவேளையிலேயே அம்மா தலைவலி என்று எழுந்துவிட்டாள். இந்த வீட்டில் தியேட்டரா?

"பெரிய டிவியா வாங்கிக்கலாமேப்பா."

"நான் சொல்ற சைசுக்கு டிவி வாங்கினா மாடிப்படி வளைவுல திரும்பாது. அளந்து பாத்துட்டேன். ப்ரொஜெக்டர்தான். நீ படிச்சவ, எதுன்னு பாத்துச் சொல்லு."

'நீ படிச்சவ.' இந்த வீட்டில் அதற்கு அர்த்தம் வங்கிப் படிவம், மருந்துச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் கடிதம். இப்போது ப்ரொஜெக்டரும் சேர்ந்துவிட்டது. நான் படித்தது இயற்பியல். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் உலகத்தில் உள்ள எல்லாமே எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் என்னை அரிப்பது ப்ரொஜெக்டர் இல்லை. நேரம். லென்ஸ் பரிசோதிக்கும் கம்பெனியிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ரயிலில் பதினோரு மணி நேரம் போக வேண்டிய ஊர். முப்பத்தொன்றாம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். நான் அதைச் சொன்ன அன்று அப்பா "போம்மா" என்றார். அம்மா சிரித்துத் தலையாட்டினாள். எந்த ஊர், எங்கே தங்குவாய், என்ன சாப்பிடுவாய், ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனால்கூட ஒன்பது கேள்வி கேட்கிறவள்.

ஒரு வாரம் கழித்துத் திடீரென்று மாடியில் தியேட்டர். ஏதோ இருக்கிறது.

மார்ச் 5, புதன்

அப்பா மாடி அறையை அளந்தார். சுவரையோ ஜன்னலையோ தொடவில்லை. இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே டேப்பைப் பிடித்து, தள்ளி, மறுபடி பிடித்துக்கொண்டிருந்தார். திரை எங்கே வரும் என்று கேட்டேன். "அது எங்கயோ வரும்" என்கிறார்.

மார்ச் 8, சனி

கடைக்குப் போனோம். தையல் மெஷின் கடைக்கு மேல் மாடி. உள்ளே ஒரு அறை, சுவரெல்லாம் கறுப்புத் துணி, நடுவில் நூறு அங்குலத் திரை. கடைக்காரருக்குச் சிரிப்பு காது வரை.

"வாங்கய்யா, வாங்கம்மா. இது பாருங்க, ஒன்பதாயிரம் லூமன்ஸ். சூரியனைக் கொண்டாந்து சுவத்துல ஒட்டின மாதிரி இருக்கும்."

பெட்டியின் மேல் தங்க எழுத்தில் 9000 என்று போட்டிருந்தது. என் இரண்டு உள்ளங்கையில் அடங்கும் டப்பா அது. அவ்வளவு வெளிச்சம் வந்தால் அந்த பிளாஸ்டிக் உருகி ஒழுக வேண்டும். "அது எப்படி அளந்தது?" என்று கேட்டேன். கேட்டேன் என்றால், தலையைக் குனிந்து என் சட்டையின் மேல் பட்டனிடம் சொன்னேன்.

"என்ன பாப்பா? இதெல்லாம் டெக்னிக்கல். உங்களுக்குப் புரியாது."

"பாப்பா இல்ல" என்றார் அப்பா. "பி.எஸ்சி. பிசிக்ஸ்."

தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "லைட்டு போட்டிருந்தா படம் தெரியுமா?" கடைக்காரர் முகம் மாறியது. "தியேட்டர்னா லைட்டு எதுக்குய்யா?" அப்பா அவர் தோளில் கை போட்டு வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். பத்து நிமிடம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா பேசுகிறார், அந்த ஆள் தலையைத் தலையை ஆட்டுகிறார்.

திரும்பி வந்த பிறகு ஆளே வேறு. நேராக அம்மாவின் முன்னால் போய் நின்று, குழந்தையிடம் பேசுகிற மாதிரி வாயை அகலமாகத் திறந்து, "அம்மா… டீ… சாப்பிடறீங்களா?" என்கிறார். என்ன மரியாதை இது? மில் வேலை செய்தவள் என்றால் பேச்சுகூடப் புரியாது என்ற நினைப்பா? அம்மாவும் சந்தோஷமாக "அரை டம்ளர் போதும்" என்றாள்.

அந்த ஒன்பதாயிரம் சத்தியமாக நல்ல ஆள் இல்லை. (இனி அவருக்கு இந்தப் பெயர்தான்.)

கடைசியில் மூன்றைக் குறித்துக்கொண்டு வந்தோம். ஒன்று, அந்த டப்பா. இரண்டாவது, ஆபீஸ்களில் வைப்பது. வெளிச்சம் அதிகம், ஆனால் கறுப்பு நிறம் சாம்பல் மாதிரித் தெரியும். மூன்றாவது, சினிமா ப்ரொஜெக்டர், வீட்டுத் தியேட்டருக்கென்றே செய்தது. வெளிச்சம் கொஞ்சம் குறைவு, படம் அப்படி ஒரு அழகு. மூன்றாவதுதான் சரி, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அப்பா ஆபீஸ் ப்ரொஜெக்டரையே தடவித் தடவிப் பார்க்கிறார். வராந்தாவில் என்ன பேரம் நடந்தது?

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். அப்பாவின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அம்மாவும் அப்படியே பதில் சொல்கிறாள். உதடு, புருவம், தோள் எல்லாம் பேசுகிறது. என்னைப் பார்த்ததும் இருவரும் நிறுத்தினார்கள்.

"என்னம்மா வேணும்?" என்றார் அப்பா, ஊருக்கே கேட்கிற குரலில்.

என் வீட்டில், எனக்குத் தெரியாமல் பேச, குரலையே விட்டுவிட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

புரிந்துவிட்டது. சீ.

சித்தி வந்திருந்தாள். சித்தி பேசினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்தில் சித்தி: "அத்தான், அவகிட்ட எப்பதான் சொல்லப் போறீங்க? அவ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அப்புறம் தெரிஞ்சா ஆடித் தீர்த்துடுவா."

அப்பா: "ரூம் முடியட்டும். முதல்ல ரூம் முடியட்டும்."

மாப்பிள்ளை. வேறு என்ன? அறையை ஜோடித்து, வருகிறவர்களை உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டி, பாதிப் படத்தில் என்னையும் காட்டப்போகிறார்கள். அதனால்தான் விளக்கு! இருட்டில் பெண்ணை எப்படிப் பார்ப்பது? லைட் போட்டிருந்தால் படம் தெரியுமா என்றால், படம் தெரியாவிட்டாலும் பொண்ணு தெரிய வேண்டும் என்று அர்த்தம்.

வாயால் 'போம்மா' என்பது, மனசுக்குள் இது. அப்பாவா இப்படி?

நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்க மாட்டேன். எனக்கே தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

நான் உதவியாளராக இருக்கும் பள்ளி ஆய்வகத்தில் லக்ஸ் மீட்டர் ஒன்று உண்டு. வெளிச்சத்தை அளக்கும் கருவி, சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பிசிக்ஸ் டீச்சர், "எதுக்கு?" என்றார். "ஒரு ஆள் பொய் சொல்றாரா இல்லையான்னு பாக்கணும் மேடம்." "அதுக்கு மீட்டர் இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றார்.

அம்மாவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். காலையில் "மீட்டர் வாங்கப் போறேன், லேட்டாகும்" என்றேன். வெறும் தலையாட்டல். சித்தியோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். காய்கறிக்காரரோடு சண்டை போடுகிறாள். அப்பாவோடு அந்த ஊமைப் பேச்சு. எனக்கு மட்டும் தலையாட்டல். நான் ஊரை விட்டுப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் மாட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

கடைக்கு மறுபடி. விளக்கை அணைக்கச் சொல்லி, திரையில் ஒன்பது இடத்தில் மீட்டரை வைத்து அளந்தேன்.

"மேடம், அது என்ன தெர்மாமீட்டரா? ப்ரொஜெக்டருக்குக் காய்ச்சலா?" என்றார் ஒன்பதாயிரம்.

டப்பா: சராசரி 95 லக்ஸ். திரையின் பரப்பளவால் பெருக்கினால் இருநூற்று அறுபது லூமன்ஸ் சொச்சம். ஒன்பதாயிரமாம்! நோட்டை அவர் பக்கம் நீட்டினேன். வாயால் சொல்ல வரவில்லை. பார்த்தார். காதைச் சொறிந்தார். "பெட்டியில அப்படிப் போட்டு அனுப்பறாங்க மேடம், நான் என்ன பண்றது" என்று அதை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். ஆபீஸ் ப்ரொஜெக்டர் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. சினிமா ப்ரொஜெக்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டும் பெட்டியில் போட்டதை ஒட்டியே வந்தன.

இன்றைக்கு நான் ஜெயித்த நாள். அதை அம்மா கெடுத்தாள்.

சினிமா ப்ரொஜெக்டரை இருட்டில் ஓடவிட்டோம். ஒரு மழைக் காட்சி. துளி துளியாக எண்ணலாம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அம்மா எழுந்து தடவித் தடவிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். அப்பா பின்னாலேயே ஓடினார். நான் வெளியே வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றேன், பக்கத்தில் உட்கார்ந்து. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவலி" என்றார் அப்பா, அவளுக்குப் பதிலாக.

நான் தேர்ந்தெடுத்த ப்ரொஜெக்டர் என்றால் தலைவலி. சரி.

மார்ச் 18, செவ்வாய்

என் சம்பளத்தில் கறுப்புத் திரைச்சீலை வாங்கி, மாடி ஜன்னல்கள் இரண்டுக்கும் நானே தைத்து மாட்டினேன். இருட்டாக இருந்தால் சினிமா ப்ரொஜெக்டர்தான் ஜெயிக்கும். இருட்டில் என்னை யாருக்கும் காட்டவும் முடியாது. இரண்டுக்கும் ஒரே வழி.

வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், இரண்டையும் அப்பா கழற்றி மடித்து என் கட்டில் மேல் வைத்திருக்கிறார்.

"ஏன்பா கழட்டினீங்க?"

"இருட்டு வேணாம்மா."

"ப்ரொஜெக்டர்னாலே இருட்டுதான்ப்பா! என்னைக் கேட்டுத்தானே செய்யறீங்க? நீ படிச்சவன்னு சொன்னீங்கல்ல? படிச்சவ சொல்றேன், இருட்டுதான் வேணும்!"

"வெளிச்சத்துல தெரியறதா பாரு."

"எதுக்கு? யாருக்கு வெளிச்சம்? வர்றவங்க என் மூஞ்சியைப் பாக்கணுமா?"

அப்பா முழித்தார். "யாரு வர்றாங்க?" என்ன நடிப்பு!

அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு என் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வீடே அதிர்கிற சண்டை. அதற்கு நடுவில் கேட்கிறாள்: "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

எனக்கு வந்த கோபம்… நான் இங்க கத்திட்டு நிக்கறேன், இவங்களுக்கு சோறு! நான்னா அவ்வளவுதானா? நான் என்ன சொன்னாலும் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவாங்களா?

சாப்பிடவில்லை.

மார்ச் 20, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் சம்மதக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவேன். போனால் வர மாட்டேன். தியேட்டரில் அவர்களே உட்கார்ந்து பார்க்கட்டும்.

மார்ச் 22, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுத முடியாது.

காலை பத்தரை. இருவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு கிளம்பினார்கள். "மருந்துக் கடைக்கு" என்றார் அப்பா. மருந்துக் கடைக்கு அம்மா ஏன் புதுச் சேலை கட்டுகிறாள்? பின்னாலேயே போனேன். இருபதடி விட்டு, எதிர் வரிசையில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு. வெட்கமாகத்தான் இருந்தது. மருந்துக் கடையைத் தாண்டினார்கள். தையல் மெஷின் கடைக்கு மேல் ஏறினார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரை அங்கேயே வரச் சொல்லியிருக்கிறார்கள், என்னைக் காட்டுவதற்கு முன் பேசி முடிக்கிறார்கள், எல்லாம் தெளிவாகிவிட்டது. உள்ளே போய் நின்று கேட்டுவிடுவது என்று படி ஏறினேன். பதினெட்டுப் படி. ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன்.

ஒன்பதாயிரம் அறை வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார். "மேடம், இப்ப போகாதீங்க. காமெடி சீன் ஓடுது."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. ஆபீஸ் ப்ரொஜெக்டரில் ஏதோ படம் ஓடியது. அம்மா திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்கு எதிரே, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படத்தை அவர் பார்க்கவே இல்லை. காதால் கேட்டு, அப்படியே வாயால் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல். கதாநாயகனுக்கு ஒரு முகம், அவன் மாமனாருக்கு ஒரு முகம். அம்மாவின் கண் திரைக்குப் போகிறது, அப்பாவின் வாய்க்கு வருகிறது, மறுபடி திரைக்கு. மாமனார் ஏதோ சொல்ல, அப்பா கன்னத்தை உப்பி அதைச் சொல்ல, அம்மா சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம்?

"உங்களுக்குத் தெரியாதுன்னு ஐயா சொன்னாரு" என்றார் ஒன்பதாயிரம் மெதுவாக. "முதல் நாளே என்கிட்ட சொல்லிட்டாரு. அம்மாவுக்குக் காது போயிடுச்சு, வாயைப் பாத்துத்தான் பேசுவாங்க, பொண்ணுக்குத் தெரிய வேணாம்னு. இருட்டாக்கிட்டா அம்மாவுக்கு எல்லாமே நின்னு போயிடும் மேடம்."

நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். போன ஞாயிறு அம்மா உட்கார்ந்த அதே படியா என்று தெரியவில்லை.

தயார் செய்த பதினெட்டு வாக்கியத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

கடிதத்தை அனுப்பவில்லை.

மார்ச் 24, திங்கள்

அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தேன். சட்டென்று என்ன செய்வதென்று தெரியவில்லை. "எனக்குத் தெரியும்மா" என்றேன். மடியைப் பார்த்துக்கொண்டு.

அம்மா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "இப்ப சொல்லு."

சொன்னேன்.

மில்லில் ரிங் பிரேம் வரிசையில் நின்று, அறுந்த இழையை ஒட்டுகிற வேலை அவளுக்கு. இருபத்திரண்டு வருடம். உள்ளே பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காதாம். அதனால் யாரும் கத்த மாட்டார்கள். வாயை அசைத்தே பேசிக்கொள்வார்கள். மெஷினுக்கு அந்தப் பக்கம் இருப்பவளோடு குடும்பக் கதை, மேஸ்திரியைப் பற்றிய கிண்டல், எல்லாம். "மேஸ்திரி நடுவுல நிப்பான். அவனைத்தான் திட்டறோம்னு அவனுக்குத் தெரியாது." அப்பா மெஷின் பழுது பார்க்க வரும்போது பேசிப் பழகியதும் அப்படியேதானாம். "உங்கப்பா குரல் எப்படின்னே எனக்கு மூணு மாசம் தெரியாது" என்று சிரித்தாள்.

காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டபோது ஏறக்குறைய முழுசாகவே போய்விட்டது. காது மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். "மாட்டினா வீடே மில்லு மாதிரி இரையுது. மறுபடியும் ஷிஃப்டுக்குப் போன மாதிரி இருக்கு. பீரோவுல வச்சுட்டேன்."

"எல்லார்கிட்டயும் பேசற. என்கிட்ட மட்டும் ஏம்மா தலையாட்டின?"

"சித்தி பேசினா பாதி காதுலயே விழும். காய்கறிக்காரன் வாய் வண்டி அளவு. உங்கப்பாவைச் சொல்லவே வேணாம். உன்னோடதுதான்டி கஷ்டம். நீ தரையைப் பாத்துப் பேசுவ. சிரிச்சா கையால மூடிக்குவ. ஓரமா உக்காந்து ஓரமாவே பேசுவ. இந்த வீட்டுல உன்னோட வாய் ஒண்ணுதான் எனக்குத் தெரியல."

"வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னேனே, அன்னிக்கு?"

"ஏதோ சந்தோஷமான சேதின்னு மூஞ்சியில தெரிஞ்சுது. தலையாட்டினேன். அப்புறம் அப்பா சொன்னாரு."

இதற்கு மேல் இன்று முடியாது.

மார்ச் 26, புதன்

"நான் போகலை" என்றேன். நிமிர்ந்து, அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "சொன்னேன்ல? இதுக்குத்தான் சொல்ல வேணாம்னேன். ரெண்டு நாள்கூட ஆகல."

"அவளுக்குத்தான் காது போச்சு" என்றார் அப்பா. "உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? போயிட்டு வா."

"அப்ப மாப்பிள்ளை?"

"எந்த மாப்பிள்ளை?"

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. வருகிறவர்கள், ஜோடித்த அறை, விளக்கு. அப்பா சத்தமில்லாமல் அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "ப்ரொஜெக்டர் வச்சுப் பொண்ணு பாக்கற குடும்பம் எங்கயாவது உண்டாடி? இவ்வளவு படிச்சும் இப்படியா யோசிப்ப?"

சிரிக்கட்டும். ஆனால் என்னிடம் மறைத்தது நிஜம்தானே? நான் மோப்பம் பிடித்ததில் தப்பில்லை. பிடித்த திசைதான் தப்பு.

போவதா வேண்டாமா, இன்னும் முடிவு செய்யவில்லை. நான் இல்லாமல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மா யார் வாயைப் பார்ப்பாள்?

மார்ச் 28, வெள்ளி

அதை அம்மாவிடமே கேட்டேன். "மில்லுல ஒருத்தி வரலைன்னா பக்கத்து மெஷினை நாங்க சேத்துப் பாத்துக்குவோம்" என்றாள். "சித்தி இருக்கா. தெரு இருக்கு. நீ ஒருத்திதான் உலகத்தைத் தாங்கறன்னு நெனைக்காத. அந்தக் காது மெஷினையும் டாக்டர்கிட்ட காட்டி அளவு சரி பண்ணிக்கறேன். போதுமா?"

சத்தியமா என்று கேட்டேன். என்னை ஏமாற்றித்தான் பழக்கம் உங்களுக்கு என்றேன். அடுத்த வியாழனுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிய சீட்டைக் காட்டினாள். தேதியைப் பார்த்தேன். கையெழுத்து வீட்டில் யாருடையதும் இல்லை.

மார்ச் 29, சனி

இரண்டு வாரமாகத் தவறான கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எது நல்ல ப்ரொஜெக்டர் என்று கேட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கவில்லை.

ஆபீஸ் ப்ரொஜெக்டர் என்றால் விளக்கு எரியலாம், ஆனால் கறுப்பு சாம்பலாகிவிடும். கடையில் உட்கார்ந்த மாதிரியே என்றால் அப்பா ஆயுள் முழுக்கத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவரும் பார்க்க வேண்டாமா? அதனால் இப்படி: சினிமா ப்ரொஜெக்டரே. ஆனால் திரை நூறு அங்குலம் இல்லை, எண்பது. அதே வெளிச்சம் சின்ன இடத்தில் விழுந்தால் அடர்த்தி கூடும். கணக்குப் போட்டேன்: எண்பது அங்குலத்தில் சினிமா ப்ரொஜெக்டர் தருவது, நூறு அங்குலத்தில் ஆபீஸ் ப்ரொஜெக்டர் தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம். நாற்காலிகள் எதிரெதிரே இல்லாமல், ட வடிவத்தில். அப்பாவுக்குத் திரையும் தெரியும், அம்மாவும் தெரிவாள். அப்பாவின் முகத்துக்கு மட்டும் ஒரு விளக்கு, திரைப் பக்கம் ஒளி சிதறாமல் மூடி போட்டு.

"என் மூஞ்சிக்கு மட்டும் லைட்டா? அப்ப நான்தான் ஹீரோ" என்றார் அப்பா. மதியத்துக்குள் எண்ணெய் டின்னை வெட்டி, வளைத்து, கறுப்பு பெயின்ட் அடித்து, விளக்குக்கு மூடி செய்துவிட்டார். ஃபிட்டர்.

கடையில் எண்பது அங்குலத்துக்குச் சுருக்கிக் காட்டச் சொன்னேன். ஒன்பதாயிரத்தின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அம்மா நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்தாள். "இப்படி இருந்தா அந்தப் பொண்ணு பேசறது எனக்கே பாதி தெரியுது" என்றாள். பெரிய முகம் வேண்டும், டிவி போதாது என்றது இதற்காகத்தான். ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. இன்னும் என்னென்ன வைத்திருக்கிறார்களோ.

மார்ச் 31, திங்கள்

சம்மதத்தை மெயிலில் அனுப்பினேன். பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் படம். வேறு மொழியில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்த படம். தெரியாமல் போட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "அவ வாய் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. இஷ்டத்துக்குக் கதை விடறீங்களா?"

"நான் என்ன பண்றது? காதுல விழறதைச் சொல்றேன்!"

"பொய். அவ அப்படிச் சொல்லவே இல்ல."

படத்தை நிறுத்தி, இது டப்பிங் என்று விளக்கினேன். அம்மா திரையையும் அப்பாவையும் என்னையும் சந்தேகமாகப் பார்த்தாள். எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு அப்பாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முகத்தில் விளக்கு. கூச்சம் பிடுங்கித் தின்றது. கதாநாயகியின் வசனத்தை வாயசைத்துச் சொன்னேன். அம்மா முகத்தைச் சுளித்தாள். "பல்லைக் கடிச்சுட்டுப் பேசாத. திற." மறுபடி சொன்னேன். "இன்னும்." மறுபடி. நான்காவது தடவை தலையாட்டினாள். இது வேறு தலையாட்டல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்கு ரயில். அம்மா கேட்டது: எந்த ஊர், எங்கே தங்குவாய், என்ன சாப்பிடுவாய், அறையில் எத்தனை பேர், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, குளியலறை எந்தப் பக்கம், வேலையிடம் எவ்வளவு தூரம், மேலதிகாரி எப்படி, ஞாயிறு லீவா. எண்ணினேன். ஒன்பது.

மே 4, ஞாயிறு

விடுதி அறை. வேலை பரவாயில்லை. நாள் முழுக்க லென்ஸில் கீறல் தேடுகிறேன். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டேன். முதலில் மேசை விளக்கைத் திருப்பி என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். அப்பா போனைப் பிடித்திருந்தார், அம்மா பக்கத்தில். அம்மாவின் காதில் மெஷின் இருந்தது. அரை மணி நேரம் மாட்டுகிறாளாம், பிறகு கழற்றிவிடுகிறாளாம். போன வாரம் மூன்று படம் பார்த்தார்களாம். ஒன்பதாயிரம் வீட்டுக்கே வந்து லென்ஸைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, முழுப் படம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

பேசிக்கொண்டே இருக்கும்போது இருவரும் சட்டென்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் வாய் மட்டும் அசைந்தது. அப்பா புருவத்தை உயர்த்தி ஏதோ பதில் சொன்னார். பழைய திருட்டுத்தனம். என்னைப் பற்றித்தான்.

போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து உற்றுப் பார்த்தேன். அம்மா மறுபடி அதையே சொன்னாள். இளைச்சுட்டா.

நான் குரலை எழுப்பவில்லை. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக அசைத்துச் சொன்னேன்: இளைக்கல.

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மா மெதுவாகக் கையைக் கொண்டுவந்து வாயை மூடிக்கொண்டாள்.